இல்லாத மிருகத்துக்கு யாருடைய கண்?

கண்ணால் கண்டதை வரைகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சந்தேகம் வந்தால் மறுபடியும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மாட்டின் பின்னங்கால் எந்த இடத்தில் மடிகிறது என்பது மறந்து போனால் வாசலுக்கு வந்தால் போதும். நம் ஊர்த் தெருக்களில் இந்த ஒரு வசதிக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை. ஆனால், உலகத்தில் எங்கும் இல்லாத, என்றும் இருந்திராத ஒரு மிருகத்தை வரை என்று ஒருவனுக்கு உத்தரவு பிறந்தால் அவன் எங்கே போய்ப் பார்ப்பான்? அப்படிப் பார்த்ததிலிருந்து எதை எடுத்துக்கொள்ள அவனுக்குப் பாத்தியதை உண்டு?

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டவன் என் தங்கை மகன். பொம்மைப் படங்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. குழந்தைகளுக்கான ஒரு தொடரில் டிராகன் ஒன்று வரப் போகிறதாம். அது பயமுறுத்தவும் வேண்டும். பார்த்த குழந்தைக்கு அதைக் கட்டிக்கொள்ளவும் தோன்ற வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஓர் உருவத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இவனிடம் வந்திருந்தது. விடுமுறைக்கு வந்த இடத்திலும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு படமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பச்சை டிராகன், செந்நிற டிராகன், நெருப்புக் கக்குவது, தூங்குவது, முட்டையை உடைத்துக்கொண்டு வருவது என்று திரை நிறைய டிராகன்கள்.

"எத்தனை சேர்த்திருக்கே?" என்றேன்.

"நானூறு தாண்டிடுச்சு மாமா."

"இதிலே பல்லி எது?"

அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதையும் அனுதாபமும் சம அளவில் இருந்தன. "பல்லியா? இது எல்லாமே டிராகன் மாமா" என்றான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. வரையத் தொடங்கும் முன் கண்ணுக்குத் தீனி போடுவது அந்தத் தொழிலில் ஒரு முறை. 'ரெஃபரன்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நானூறு படங்களும் வேறு டிராகன் படங்களைப் பார்த்து வரைந்தவை. அந்த வேறு படங்கள் இன்னும் வேறு படங்களைப் பார்த்து வந்தவை. விருந்தாளி வர வர மோரில் தண்ணீர் விளாவிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மோர் போய், மோர் வாசனை அடிக்கும் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. வாயால் சொன்னால் படம் போட்டுக் கொடுக்கும் இயந்திரம்கூட இப்போது வந்துவிட்டது. அதுவும் படங்களைப் பார்த்துப் படித்துக்கொண்ட பிள்ளைதான். எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கோ ஒருவன் தயிரைக் கடைந்திருக்க வேண்டுமே, அவன் எதைக் கடைந்தான்?

(ஒன்று சொல்லிவிடுகிறேன். டிராகனுக்குப் 'பறவை நாகம்' என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய டிராகனுக்கு அது ஒருவாறு பொருந்தும். சீனத்து டிராகனுக்குப் பெரும்பாலும் சிறகே கிடையாது. ஆகவே, டிராகன் என்றே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

தயிரைக் கடைந்தவர்களில் ஒருவரை நமக்குத் தெரியும். லியனார்டோ டா வின்சி. 1452-ல் பிறந்து 1519-ல் மறைந்த அந்த மகா கலைஞர், தம் குறிப்புகளில் சித்திரம் பயிலும் பையன்களுக்கு ஒரு யோசனை சொல்லி வைத்திருக்கிறார். கற்பனை மிருகம் நிஜம் போலத் தோன்ற வேண்டுமானால், அதன் ஒவ்வோர் அவயவமும் உள்ள ஒரு பிராணியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது டிராகனைத்தான். தலைக்கு வேட்டை நாய், கண்ணுக்குப் பூனை, காதுக்கு முள்ளம்பன்றி, புருவத்துக்குச் சிங்கம், நெற்றிப் பொட்டுக்குக் கிழட்டுச் சேவல், கழுத்துக்கு நீராமை என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டு போகிறார். வெறும் சேவல் என்று எழுதாமல் கிழட்டுச் சேவல் என்று எழுதினார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறக்கிறது. கிழட்டுச் சேவலின் பொட்டு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வார்த்தை வரும். நாவல் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். 'ஒரு கிழவி வந்தாள்' என்பதற்கும், 'இடுப்பில் சாவிக்கொத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி வந்தாள்' என்பதற்கும் உள்ள தூரம் அது.

லியனார்டோவின் இளமையைப் பற்றி வசாரி என்பவர் ஒரு கதை சொல்கிறார். வசாரி இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி 1550-ல் வெளியிட்டவர். லியனார்டோ இறக்கும்போது வசாரிக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. ஆகவே, கேள்விப்பட்டதை எழுதினார் என்றுதான் கொள்ள வேண்டும். கேள்விப்பட்டதை நன்றாகச் சொல்லும் கலை அவருக்கு உண்டு.

லியனார்டோவின் தகப்பனார் செர் பியரோவிடம் ஒரு குடியானவன் வந்தான். அவருக்குப் பறவையும் மீனும் பிடித்துக் கொடுத்து உபகாரமாக இருந்தவன். தன் நிலத்து அத்திமரத்தை வெட்டித் தானே செய்த வட்டக் கேடயம் ஒன்றைக் கொடுத்து, நகரத்தில் யாரிடமாவது இதில் ஒரு படம் எழுதி வாங்கித் தர வேண்டும் என்று கேட்டான். தகப்பனார் அதை மகனிடம் கொடுத்தார். கோணலாக இருந்த கேடயத்தை மகன் நெருப்பில் காட்டி நிமிர்த்தி, கடைசல்காரனிடம் கொடுத்து வழவழப்பாக்கிக்கொண்டான். எதிரில் வருகிறவன் இதைக் கண்டதும் நடுங்க வேண்டும் என்று தீர்மானித்தான். பிறகு தன்னைத் தவிர யாரும் நுழையாத ஓர் அறைக்குள் பல்லி, ஓணான், பாம்பு, வெட்டுக்கிளி, வண்ணத்துப்பூச்சி, வௌவால் என்று கிடைத்த ஜந்துக்களை எல்லாம் கொண்டுவந்து குவித்தான். அவற்றைப் பார்த்துப் பார்த்து, இருண்ட பாறைப் பிளவிலிருந்து வெளிப்படும் ஒரு பூதப் பிராணியை எழுதினான். வாயில் விஷம், கண்ணில் நெருப்பு, மூக்கில் புகை. வேலை நீண்டுகொண்டே போயிற்று. செத்த ஜந்துக்களின் நாற்றம் அறையில் தாங்க முடியாததாகிவிட்டது. கலையின் மேலுள்ள காதலால் அவனுக்கு மட்டும் அந்த நாற்றம் தெரியவில்லை என்கிறார் வசாரி.

படம் முடிந்தது. தகப்பனார் கதவைத் தட்டினார். மகன் ஜன்னல் வெளிச்சத்தைத் தணித்து, கேடயத்தை அதற்கென்று ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே வந்தவர் படம் என்பதை அறியாமல் துள்ளிப் பின்வாங்கினார். இதற்காகத்தான் செய்தேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றான் மகன். கேடயம் பிற்பாடு என்ன ஆயிற்று என்பது இன்னொரு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வசாரி அந்த நாற்றத்தைப் பெருமையாகச் சொல்கிறார். நெடுநாள் நானும் பெருமையாகத்தான் படித்து வந்தேன். ஊண் உறக்கம் மறந்தான், நாற்றத்தை மறந்தான், அவ்வளவு லயிப்பு என்று நாம் சொல்வதில்லையா? ஆனால், வயது ஏற ஏற அந்த அறைக்குள் வேறொரு பக்கத்திலிருந்து நுழையத் தோன்றுகிறது. அங்கே இருந்த பல்லி எதற்காகச் செத்தது? தகப்பனாரை ஒரு விநாடி திடுக்கிட வைப்பதற்காக. இது அற்ப விஷயம் என்று தள்ளிவிடலாம். பல்லிக்கு யார் பரிந்து பேசப் போகிறார்கள்? ஆனால், கண் அவ்வளவு கூர்மையாக வேலை செய்த இடத்தில் மூக்கு ஏன் செத்துப் போக வேண்டும் என்பது என்னை உறுத்தத்தான் செய்கிறது. கிழட்டுச் சேவலின் நெற்றிப் பொட்டைக் கண்டவன் அவன்.

இதே நாற்றம் நானூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒரு பொம்மைப் படக் கூடத்தில் அடித்தது. டிஸ்னி கம்பெனியார் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்தை எடுத்தார்கள், 1942-ல் வெளிவந்தது. அதற்காக மெய்ன் மாகாணத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை வரவழைத்து வளர்த்து, அவற்றைப் பார்த்து வரைந்தார்கள். சித்திரக்காரர்களுக்கு உடற்கூறு சொல்லிக் கொடுக்க ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியரை அமர்த்தினார்கள். அவர் செத்துப் போன மான்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து நாளுக்குக் கொஞ்சமாகத் தோலை, தசையை, எலும்பை விலக்கி வகுப்பு நடத்தினாராம். நாள் ஆக ஆக வகுப்பில் தலைகள் குறைந்தன. ஓடிப் போனவர்களைப் பற்றி நான் இளப்பமாக நினைக்கவில்லை. ஆனால், திரையில் அந்தக் குட்டி பனிக்கட்டியில் கால் பரப்பி விழும்போது குழந்தைகள் சிரிக்கிறார்களே, அந்தக் கால் சரியான இடத்தில் மடிவதற்கு அந்த நாற்றமும் ஒரு காரணம் என்பதை மறுக்கவும் முடியவில்லை. அந்தப் படத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் நம் இந்தியாவில் பிறந்தவர். 1956-ல் பம்பாய்க்கு வந்து பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பகுதியாருக்குப் பயிற்சி கொடுத்தார். அதிலிருந்து வந்தது ஜாதகக் கதையை வைத்து எடுத்த 'பான்யன் டீர்' என்ற படம். அதுவும் மான் கதைதான்.

டிராகனுக்குத் திரும்புவோம். லியனார்டோ சொன்ன யோசனை சீனாவில் அவருக்கு முன்பே வழங்கிவந்த சமாசாரம். டிராகனுக்கு ஒன்பது சாயல்கள் என்று அங்கே ஒரு கணக்கு. கொம்பு மானுடையது. தலை ஒட்டகத்தினுடையது. கழுத்து பாம்பு, செதில் கெண்டை, நகம் கழுகு, பாதம் புலி, காது பசு. வயிற்றுக்குக்கூட ஒரு கடல் பிராணியைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாம் தெளிவாக இருக்கிறது, கண் ஒன்றைத் தவிர. கண்ணுக்குப் பாடபேதம். பேயின் கண் என்று சிலர். முயலின் கண் என்று சிலர். பேய் எங்கே, முயல் எங்கே! உடம்பு முழுவதையும் சந்தேகமில்லாமல் வகுத்துவிட்ட புத்திசாலிகள் கண்ணுக்கு வரும்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து போனார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். என் தங்கை மகனின் கம்பெனியார் கேட்டதும் இந்த இரண்டு கண்களையும் சேர்த்துத்தானே? பயமுறுத்தவும் வேண்டும், கட்டிக்கொள்ளவும் தோன்ற வேண்டும்!

சீனாவில் யே என்ற ஒரு பிரபுவைப் பற்றியும் கதை உண்டு. அவருக்கு டிராகன் என்றால் உயிர். இடுப்புக் கொக்கியில் டிராகன், மதுக் கிண்ணத்தில் டிராகன், வீட்டுச் சுவரிலும் தூணிலும் செதுக்கின டிராகன். பூலோகத்தில் தனக்கு இப்படி ஒரு பக்தனா என்று கேள்விப்பட்ட நிஜ டிராகன் அவரைப் பார்க்க இறங்கி வந்தது. தலையை ஜன்னலுக்குள் விட்டது. வால் கூடத்தில் கிடந்தது. பிரபு முகம் வெளிறி, உயிர் தப்பினால் போதும் என்று ஓடிவிட்டார். இந்தக் கதையை எழுதி வைத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானூறு படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருப்பவனுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏழைகளைப் பற்றி உருக்கமாக எழுதிவிட்டு, வாசலில் ஒருவன் வந்து நின்றால் உள்ளே போய்விடும் எழுத்தாளர்களையும் நான் அறிவேன்.

நிஜத்தைத் தேடிப் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானியரான ஹயாவோ மியாசகி. 2001-ல் வெளிவந்த அவருடைய 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் ஹாகு என்ற வெள்ளை டிராகன் வருகிறது. அது உண்மையில் ஒரு நதியின் தெய்வம். அந்த நதியை மனிதர்கள் தூர்த்துக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். அடிபட்டு ரத்தம் கக்கிக்கொண்டு கிடக்கும் அந்த டிராகனின் வாயைப் பிளந்து சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி மருந்து உருண்டையைத் திணிக்கிறாள். இந்தக் காட்சியை வரையவேண்டிய இளைஞர்களிடம் மியாசகி விளக்குவதை, படம் உருவான விதம் பற்றித் தனியாக எடுத்த ஒரு படத்தில் காணலாம். நாய்க்கு மருந்து கொடுப்பது போல என்று ஆரம்பிக்கிறார். உங்களில் நாய் வளர்த்தவர் யார் என்று கேட்கிறார். அநேகமாக ஒருவரும் இல்லை. விலாங்கு மீனை அறுக்கும்போது அது எப்படித் துள்ளும் என்று பார்த்ததுண்டா என்றால் அதுவும் இல்லை. பெரியவர் முகத்தில் ஒரு வேடிக்கையான துக்கம் படர்கிறது. கடைசியில் அந்த இளைஞர்கள் மிருக வைத்தியசாலைக்குப் போய், வைத்தியர் ஒரு நாயின் வாயைத் திறந்து ஈறைக் காட்ட, அதைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நாய் பொறுமையாக நிற்கிறது.

அந்தச் சிறுமி டிராகனின் தாடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கும் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை வழுக்குவதும், பல் அகப்படுவதும், உள்ளே போன மருந்தை வெளியே தள்ள அது தலையை உதறுவதும் வெறும் யோசனையில் வந்திருக்க முடியாது. வீட்டில் நாய்க்கு மருந்து கொடுத்தவர்கள் அடுத்த கணம் டிராகனை நம்பிவிடுவார்கள். கற்பனையை நம்பவைக்கும் சக்தி கற்பனையில் இல்லை, எங்கோ ஒரு வைத்தியசாலையில் வாயைக் காட்டிக்கொண்டு நின்ற நாயிடம் இருக்கிறது. அந்த நாயின் பெயர் படத்தின் கடைசியில் வரும் பட்டியலில் உண்டோ என்னவோ. இருந்தால் நியாயம்.

இந்தக் கதைகளை எல்லாம் தங்கை மகனிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டான். இரவு சாப்பாடு ஆனதும் பார்த்தால் கூடத்து டியூப் லைட்டுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே எங்கள் வீட்டுப் பல்லி வழக்கம்போலப் பூச்சிக்குக் காத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அசையாமல் பார்த்தான். அதன் தொண்டை துடிப்பதைக் கண்டான். பாயும் முன் வால் நுனி மட்டும் ஒருமுறை வளைவதைக் கண்டான். எனக்கும் திருப்தியாக இருந்தது. அப்புறம் அவனுக்கு அதன் அடிவயிற்றைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கண்ணாடித் தம்ளரைக் கொண்டுவந்து கவிழ்த்தான். பல்லி தப்பிவிட்டது. வால் தம்ளருக்குள் விழுந்து துடித்தது.

என் தங்கை சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "பாவம்டா! அண்ணா, நீயாவது சொல்லக் கூடாதா?" என்றாள். அவன் அதற்குள் போனை எடுத்து, துடிக்கிற வாலைப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தான். "மாமா, இந்த நெளிவு இருக்கே, ரொம்ப நல்லா இருக்கு" என்றான். நல்லா இருந்தது என்பதும் உண்மை.

பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். முளைக்கத்தான் செய்கிறது. ஆனால், புதிய வாலில் பழைய முள்ளெலும்பு வருவதில்லை. குருத்தெலும்புத் தண்டு ஒன்றுதான் வருகிறது. வாலில்தான் அது பசிக் காலத்துக்கென்று கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. வாலைப் போட்டுவிட்டு ஓடுவது என்பது உயிருக்குப் பயந்து நெற்குதிரை விட்டுவிட்டு ஓடுவது போல.

இங்கே எனக்கு இன்னொரு டிராகன் நினைவு வருகிறது. அதற்கும் வால் போயிற்று. கிரெசிடா கவல் என்ற ஆங்கில எழுத்தாளர் 2003-ல் எழுதிய குழந்தை நாவல் ஒன்றை வைத்து, 2010-ல் 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' என்ற படம் வந்தது. நாவலில் டூத்லெஸ் என்ற டிராகன் பச்சை நிறத்தில் கைக்கு அடக்கமான ஒரு குட்டி. படம் எடுத்த கிறிஸ் சாண்டர்ஸும் டீன் டிபுளுவாவும் அதை ஆள் ஏறிப் பறக்கக்கூடிய பெரிய கறுப்பு மிருகமாக மாற்றினார்கள். கம்ப்யூட்டர் திரை சும்மா இருக்கும்போது ஓடும் படத்தில் வந்த ஒரு கருஞ்சிறுத்தைதான் அந்த உருவத்துக்கு வித்தானதாம். அதோடு வீட்டுப் பூனையும் நாயும் குதிரையும் சேர்ந்தன. டிஸ்னி கம்பெனியார் 1959-ல் எடுத்த 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் சூனியக்காரி டிராகனாக மாறுவாள்; அதை வரைந்த எரிக் கிளிவொர்த் பார்த்துக்கொண்டது கிலுகிலுப்பைப் பாம்பை. பாம்பைப் பார்த்து வரைந்ததைக் கதாநாயகன் வாளால் குத்துகிறான். கொட்டகையில் ஒருவரும் வருந்துவதில்லை. பூனையைப் பார்த்து வரைந்ததை எப்படிக் குத்துவது? யாருடைய கண்ணைக் கடன் வாங்குகிறோம் என்பதிலேயே, பார்க்கிறவன் யாருக்காக அழ வேண்டும், யார் செத்தால் கைதட்ட வேண்டும் என்பது பாதி தீர்மானமாகிவிடுகிறது. உண்மையில் வாழும் பாம்புக்கு அதனால் எத்தனை அடி கூடுதலாக விழுகிறதோ!

அந்த 2010 படத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அந்தத் தீவு மக்களிடம் டிராகன்களைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு ஜாதி டிராகனுக்கும் படம் போட்டு, கண்டதும் கொல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கறுப்பு டிராகனின் பக்கத்தில் மட்டும் படமே இல்லை, கண்டவர் யாருமில்லை. ஹிக்கப் என்ற பையன் தான் செய்த பொறியால் அதை வீழ்த்துகிறான். கத்தியோடு கிட்டே போனவனுக்குக் குத்தக் கை வரவில்லை. தன்னைப் போலவே அதுவும் பயந்து போயிருப்பதைக் கண்டுவிட்டான். கட்டை அறுத்து விட்டுவிட்டு, மறுபடி தேடிப் போய்ப் பாறைமேல் உட்கார்ந்து நோட்டில் அதை வரைகிறான். வரையும்போதுதான் அது ஏன் பறக்க முடியாமல் தவிக்கிறது என்பது புலப்படுகிறது. வாலின் ஒரு பக்கத்துத் துடுப்பு இல்லை. தன் பொறிதான் அதைக் கொண்டு போயிற்று. பிறகு அந்தப் பையன் பட்டறையில் உட்கார்ந்து தோலும் இரும்பும் கொண்டு ஒரு வால் செய்து கொடுக்கிறான். படத்தை வரைந்ததோடு அவன் வேலை முடியவில்லை.

தமாஷுக்காக எடுத்த ஒரு பொம்மைப் படத்தில் இவ்வளவு பொருளைத் தேடலாமா என்று கேட்பார்கள். தேடலாம் என்பது என் அபிப்பிராயம். பார்ப்பது என்பது சும்மா கிடைக்கும் சரக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண் இருக்கிறது, பார்க்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அப்படியில்லை என்பதற்கு என் தொழிலிலேயே ஒரு சாட்சி உண்டு.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவருடைய வலது கை சட்டையின் மேல் பித்தானுக்குப் போகும். அதைத் திருகிக்கொண்டே பேசுவார். முக்கியமான இடம் வரும்போது திருகல் நின்றுவிடும். இதைப் பல நாள் கவனித்து, நாவல் ஒன்றில் வரும் ஒரு வட்டிக் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். பாத்திரம் நன்றாக அமைந்துவிட்டது. தொடராக வந்தபோதே வாசகர்கள் அந்தப் பித்தானைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார்கள். ஒருநாள் காலையில் பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

"பித்தான் என்னோடதுதானே தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"வட்டி?"

"அது வேற ஒருத்தரோடதுங்க."

"அப்போ சரி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோபமே இல்லை. நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது அவர் பித்தானைத் திருகுவதில்லை. கை எழும், பாதி தூரத்தில் நிற்கும், இறங்கிவிடும். ஐம்பது வருஷமாக அவரோடு இருந்த ஒன்று. இப்போது அச்சில் பத்திரமாக இருக்கிறது.

எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கே பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான். உலகத்தில் ஒரு கதையும் மிஞ்சாது. அந்த வட்டிக் கடைக்காரனுக்கு உயிர் வந்தது பெரியவரின் பித்தானால்தான். ஆனால் எடுத்துக்கொண்டதற்கும் கொடுத்தவருக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எந்த நாணயத்தில் தீர்ப்பது என்பதுதான் விளங்கவில்லை. ஹிக்கப்புக்குப் பட்டறை இருந்தது. வால் செய்து கொடுத்தான். நான் பெரியவருக்கு எதைச் செய்து கொடுப்பது? தினமும் சாயங்காலம் திண்ணையில் போய் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கிறேன். இப்போது அவர் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறேன்.

கண்ணைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நம் சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார்கள். அதற்கென்று நாளும் சடங்கும் உண்டு. அதுவரை அது கல். அதற்குப் பிறகு அப்படிச் சொல்லத் துணிவு வராது. சீனாவிலும் இதே உணர்ச்சி இருந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஜாங் செங்யோ என்ற ஓவியர் ஒரு கோயில் சுவரில் நான்கு டிராகன்களை எழுதினார். கண் மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வைத்தால் பறந்துவிடும் என்றார். ஜனங்கள் சிரித்தார்கள், வற்புறுத்தினார்கள். இரண்டுக்குக் கண் வைத்தார். இடி இடித்துச் சுவர் பிளந்தது. அந்த இரண்டும் மேகத்தில் ஏறிப் போய்விட்டன. கண் வைக்காத இரண்டு சுவரிலேயே இருந்தன. பொய்க் கதைதான். ஆனாலும் கண் வைத்த பிறகு அது வரைந்தவனுடையது இல்லை என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் யாளிகள் நிற்கின்றன. சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை. அதுவும் இல்லாத மிருகம்தான். அதைச் செதுக்கியவன் சிங்கத்தை நேரில் கண்டிருப்பானா என்பதே சந்தேகம். தொடையின் இறுக்கத்தையும் விலாவின் ஒடுக்கத்தையும் பார்க்கும்போது, அவன் வீட்டு வாசலில் படுத்திருந்த ஏதோ ஒரு நாயோ, நாயக்கர் லாயத்துக் குதிரையோதான் அங்கே நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். அவனுடைய பெயரையும் காணோம், அந்த நாயின் பெயரையும் காணோம். இரண்டு பேரும் கணக்கை நேர் செய்துகொண்டார்கள் போலும்.

லியனார்டோவின் கேடயம் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன் என்றேன். தகப்பனார் அதை எடுத்துக்கொண்டு போனார். மகனை வாயாரப் புகழ்ந்தார். போகிற வழியில் ஒரு சில்லறை வியாபாரியிடம் அம்பு தைத்த இதயம் எழுதின வேறொரு கேடயத்தை வாங்கினார். மகன் எழுதியதை ரகசியமாக பிளாரன்ஸ் நகரத்து வர்த்தகர்களிடம் 100 டுக்காட்டுக்கு விற்றார். வர்த்தகர்கள் அதை மிலான் பிரபுவுக்கு 300 டுக்காட்டுக்கு விற்றார்கள். அதற்கப்புறம் அது இருக்கும் இடம் உலகத்துக்குத் தெரியாது. அத்திமரம் வெட்டிக் கேடயம் செய்துகொண்டு வந்த குடியானவனுக்கு அம்பு தைத்த இதயம் கிடைத்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் செர் பியரோவிடம் நன்றியோடு இருந்தான் என்கிறார் வசாரி.